எங்கள் வீட்டில் சீனி கிடையாது

எனக்கு இடது மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வாரத்தில் எங்கள் ஃப்ரிட்ஜின் தலையில் மக்ரூன் பெட்டிகள் ஏறி உட்கார்ந்தன. தூத்துக்குடியில் அது ஒரு முறை. பிள்ளை பிறந்தாலும் மக்ரூன், பிள்ளை பாஸானாலும் மக்ரூன், துபாய்க்குப் போகிறவன் பெட்டியிலும் மக்ரூன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவதை எங்கள் ஊரில் நோயைவிட மோசமான காரியமாக நினைப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பெட்டியை நீட்டினார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஏற்றிய கீமோவின் புண்ணியத்தில் என் நாக்குக்கு எல்லாமே தகர டப்பாவை நக்கியது போல இருந்ததால், அத்தனை பெட்டியையும் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவுமாகக் காலி செய்தார்கள். அவர் அக்கா, எனக்கு மைனி, இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். என் உடம்பு இளைக்க இளைக்க மைனி உடம்பு தேறியது.

என் வீட்டுக்காரர் கருப்பட்டி வியாபாரி. மார்க்கெட் பக்கம் கடை. உடன்குடி, குலசேகரன்பட்டினம் பக்கத்துச் சரக்கு ஓலைக் கொட்டானில் வந்து இறங்கும். இப்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் பார்சலில் போகிறது. கடையில் உட்கார்ந்தால் அவர் வேறு ஆள். ஒரு கருப்பட்டியை எடுத்து உடைப்பார், உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பார்ப்பார், ஒரு துணுக்கை நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார். சீனி கலந்த சரக்கு என்றால் கொண்டுவந்தவன் சொந்த மச்சானாக இருந்தாலும் படியிறங்க வேண்டியதுதான். கருப்பட்டியில் சீனியைக் கலக்கிறவன் தாய்ப்பாலில் தண்ணீர் ஊற்றுகிறவன் என்பது அவர் கட்சி. சுகர்காரர்கள் வந்து தயங்கினால், "தாராளமா வாங்கிட்டுப் போங்க, இது சீனி இல்ல, கருப்பட்டில்லா" என்பார். அதைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறேன்.

கடையில் அவ்வளவு பேசுகிற மனுஷனுக்கு வீட்டில் வாய் கிடையாது. என் நோய்க்கு அவர் வைத்த பெயர் 'அந்த விஷயம்'. அந்த விஷயத்துக்கு எப்போது போக வேண்டும், அந்த விஷயத்து மாத்திரை இருக்கிறதா, அவ்வளவுதான். முடி கொட்டியபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் ஃப்ளாஸ்க்கைத் திறந்து கருப்பட்டிக் காப்பியை ஊற்றி, ஆற்றி, என் கையில் கொடுப்பார். அதுதான் அவருடைய மொத்தப் பேச்சும். சில நாள் எனக்கு ஆத்திரமாக வரும். நான் செத்துக்கித்துப் போனால்கூட இந்த மனுஷன் பந்தலுக்கு வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டுதான் நிற்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வைத்தியம் முடிந்து ஒரு வருஷம் ஆனபோது, திருநெல்வேலியில் டாக்டரம்மாவிடம் மறுபரிசோதனைக்குப் போனோம். எல்லாம் சரியாக இருந்தது, எடை மட்டும் ஏறியிருந்தது. நாக்குக்கு ருசி திரும்பிய சந்தோஷத்தில் நான் கொஞ்சம் கூடுதலாகவே கொண்டாடியிருந்தேன். அப்போதுதான் மனசுக்குள் கிடந்த கேள்வியைக் கேட்டேன். அது திரும்ப வருமா?

டாக்டரம்மா மழுப்பாமல் பேசுகிறவர். வராது என்று யாரும் எழுதித் தர முடியாது, ஆனால் நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம் என்றார். உங்களுக்கு வந்த வகைக்கு உடம்பில் கொழுப்பு சேருவதும் சர்க்கரை கூடுவதும் நல்லதில்லை, அதனால் சோறு, இட்லி, பரோட்டா மாதிரி மாவுச்சத்தைக் குறையுங்கள், இனிப்பை நிறுத்துங்கள், காயும் மீனும் கூட்டுங்கள், தினமும் நடங்கள். அவர் சொன்னது இவ்வளவுதான். இவ்வளவையும் நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். பஸ் வல்லநாட்டைத் தாண்டும்போதே என் மனசுக்குள் ஒரு யுத்தம் தொடங்கிவிட்டது. அந்தச் சனியன் இனி என் உடம்புக்குள் கால் வைக்கக் கூடாது. அதற்கு ஒரு பருக்கை கூடுதலாகக் கிடைக்கக் கூடாது.

மறுநாளே வீட்டிலிருந்த சீனி டப்பாவைக் கவிழ்த்து மைனி வீட்டுக்கு அனுப்பினேன். அந்த வாரம் யாரோ கொண்டுவந்திருந்த மக்ரூனை வாசலுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவிடம் கொடுத்தேன். சோறு மத்தியானம் ஒரு கரண்டி, ராத்திரி கிடையாது. இட்லி இரண்டு. சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரர் தவறாமல் கட்டி வருகிற பொரித்த பரோட்டாவுக்குத் தடை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகள், புற்றுநோய்க்குச் சீனிதான் தீனி என்று வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் காலையும் மாலையும் எனக்குத் தள்ளிவிட்டாள். அதையெல்லாம் படித்துவிட்டு, பக்கத்து வீட்டில் யாராவது டீக்குச் சீனி கலக்கினால்கூட அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

என் வீட்டுக்காரர் இதில் காட்டிய உற்சாகம் எனக்கே ஆச்சரியம். எனக்குக் குறைத்த சோற்றை அவரும் குறைத்தார். பரோட்டாக் கடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு வேறு தெரு வழியாக வீட்டுக்கு வந்தார். யார் வந்தாலும், "எங்க வீட்ல சீனி கெடையாது" என்று அவர் சொல்கிற தோரணையைப் பார்த்தால், சீனியை ஊரைவிட்டே துரத்தியவர் போல இருக்கும்.

சீனி இறங்கிய சிம்மாசனத்தில் கருப்பட்டி ஏறி உட்கார்ந்தது.

பனங்காட்டுக்காரர்களுக்குக் கருப்பட்டி இனிப்புக் கணக்கில் வராது. இனிப்பு என்றால் லட்டு, அல்வா, மக்ரூன். கருப்பட்டி மருந்து. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தில் கருப்பட்டி. வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பு பலக்க உளுந்தங்களியில் கருப்பட்டி. சளிக்குச் சுக்கும் கருப்பட்டியும். பிறந்ததிலிருந்து எங்களுக்கு வந்த நோய் எல்லாவற்றையும் கருப்பட்டியை வைத்துத்தான் விரட்டியிருக்கிறோம். பிறகு இந்த நோய்க்கு மட்டும் அது எதிரியாக இருக்கும் என்று எப்படித் தோன்றும்? டாக்டரம்மா இனிப்பை நிறுத்தச் சொன்னார், நிறுத்திவிட்டோம். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லையே.

காலையில் எழுந்ததும் கருப்பட்டிக் காப்பி. பத்து மணிக்கு ஒன்று, மத்தியானத் தூக்கம் தெளிந்ததும் ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. சோற்றைக் குறைத்த வயிறு சாயங்காலம் கூப்பாடு போடும். அதற்கு உளுந்தங்களி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ளக் கருப்பட்டி. விடிகாலையில் பீச் ரோட்டில் நடக்கப் போகும்போது தெம்புக்குச் சுக்கும் ஏலமும் தட்டிப்போட்ட ஒரு சில்லுக் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொள்வேன். உப்புக் காற்றில், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, வாயில் சுக்கு வாசமும் ஏலக்காய் வாசமுமாக நடக்கிற சுகம் இருக்கிறதே, நோயை ஜெயித்துவிட்ட மிதப்புத்தான். கடையிலிருந்து வரும்போதே அவர் நல்ல சரக்காகப் பொறுக்கி எனக்கென்று தனியாகக் கொண்டுவருவார். மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். நானும் இது நம் ஆள் கொண்டுவந்தது என்று ஒரு துண்டு கூடவே போட்டுக்கொள்வேன்.

நடுவில் ஜாக்கெட்டுகள் பிடிக்க ஆரம்பித்தன. நான் தையல்காரரைத் திட்டினேன். மைனி என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏளா, பட்டினி கிடக்கவ மாரியே இல்லையே நீ" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பரிசோதனைக்குக் கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டிக்கொண்டார். கையில் ஒரு புதுக் கொட்டான், ஓலையை மடித்துக் கட்டியிருந்தது. டாக்டரம்மாவுக்காம். அவர் சொன்னபடி கேட்டு நடந்துவிட்டோம், வெறுங்கையோடு போய் நின்றால் நன்றாக இருக்காது என்றார். நானும் மார்க் வாங்கப் போகிற பிள்ளை மாதிரிதான் போனேன். காலையில் ரத்தம் எடுத்தார்கள், மார்பைப் படம் எடுத்தார்கள். படத்தின் முடிவு ஒரு வாரத்தில் போனில் வரும் என்றார்கள். ரத்தத்தின் முடிவு மத்தியானமே டாக்டரம்மா கைக்கு வந்துவிட்டது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். எடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எடை இறங்குவதற்குப் பதில் ஏறியிருந்தது. மூன்று மாதச் சர்க்கரையும் கோட்டைத் தாண்டி நின்றது. காப்பிக்குச் சீனி எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"எங்க வீட்ல சீனியே கெடையாதும்மா."

சொன்ன கையோடு கொட்டானைத் தூக்கி மேஜைமேல் வைத்து, ஓலையைப் பிரித்து, டாக்டரம்மா பக்கமாகத் திருப்பினார். "நயம் சரக்கு. உங்களுக்குன்னே பொறுக்கி எடுத்தது. இவளும் இதத்தான் சாப்பிடுதா. சீனிய நிப்பாட்டுன நாள்ல இருந்து எல்லாத்துக்கும் இதான்."

எல்லாத்துக்கும் என்றால் எதற்கெல்லாம் என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். நான் ஒப்பித்தேன். காப்பி, களி, சுக்குத் தண்ணீர், நடைக்கு ஒரு சில்லு. ஒன்றைக்கூட விடாமல், பெருமையாக. அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் பிள்ளையும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

"ஐயா, உங்க சரக்கு நல்ல சரக்குதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உள்ள போயிட்டா இதுவும் சீனி செய்யுற வேலையத்தான் செய்யும். பனையில இருந்து வந்துச்சா, கரும்புல இருந்து வந்துச்சான்னு ரத்தம் விசாரிக்காது."

என் வீட்டுக்காரர், அதில் சத்து இருக்கிறது, இரும்பு இருக்கிறது என்று ஏதோ சொல்லப் பார்த்தார். இருக்கலாம், அதற்காக இத்தனை தடவையா என்றார் டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் கொட்டானையே பார்த்துக்கொண்டிருந்தார். கலப்படக்காரன் ஒருவனைக் கடைப்படியில் நிறுத்தி விரட்டுவாரே, அப்போது அவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. படத்தின் முடிவு இன்னும் வரவில்லை. இத்தனை மாதமாக எதைப் பட்டினி போடுகிறேன் என்று நினைத்தேனோ, அதற்கு நானே உருட்டி உருட்டி ஊட்டியிருக்கிறேன்.

"அப்ப அது திரும்ப வந்துட்டா, நானே கூப்பிட்டு உக்கார வச்ச மாரிதான டாக்டர்?"

"அப்படி ஒரு கணக்கே கிடையாதும்மா. இதைச் சாப்பிட்டதாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எடையும் சுகரும் கூடாம பாத்துக்கிறது நல்லது, அவ்வளவுதான். மாத்திரையை விடாதீங்க, நடையை விடாதீங்க. பயத்தை விடுங்க."

முதல் இரண்டையும் செய்துவிடலாம். மூன்றாவதற்கு யாரிடமும் மருந்துச்சீட்டு இல்லை.

கொட்டானிலிருந்து ஒரே ஒரு கருப்பட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை டாக்டரம்மா திருப்பிக் கொடுத்துவிட்டார். தூத்துக்குடி வரைக்கும் என் வீட்டுக்காரர் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை என்பார்களே, அந்தப் பூனை எங்களோடு பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் வந்தது. இதைச் சொல்லி அவரைச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் புது ஆட்சி. வீட்டிலிருந்த கருப்பட்டி முழுவதையும் அவரே வாரிக் கடைக்குக் கொண்டுபோனார். அத்தோடு நிற்கவில்லை. அரிசிப் பானையையும் உளுந்து டப்பாவையும் பரண்மேல் ஏற்றினார். காலையில் மீன், மத்தியானம் மீன், ராத்திரி முட்டை. மீன் அக்காவுக்கு ஒரே குஷி. சாளை மீனும் பாறை மீனுமாகத் தட்டு நிறையக் கொட்டிவிட்டு, "இந்த மாரி வைத்தியம் ஊருக்கே வரணும், மாதாவே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் எனக்குத் தலை கிறுகிறுவென்று வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி அரிசிப் பானையை நானே இறக்கினேன். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார், அத்துவிடச் சொல்லவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டே உலை வைத்தேன். ஒரு கரண்டிச் சோறு, அவரைக்காய்ப் பொரியல் தட்டு நிறைய, மீன் குழம்பு. அவர் என் தட்டை எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். தன் தட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

காப்பிதான் பெரிய சோதனை. சீனியும் இல்லை, கருப்பட்டியும் இல்லை. முதல் மிடறு கஷாயம். இரண்டாவது மிடறு தண்டனை. அதற்குப் பிறகு பழகிப்போகும் என்றார்கள். யார் சொன்னார்களோ அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

பயம் மட்டும் எந்த டப்பாவிலும் அடங்கவில்லை. துணி மடிக்கும்போது வரும். போன் அடித்தால் வரும். குளிக்கும்போது கை தானாக அந்தப் பக்கம் போய்த் தடவும். அவரிடம் சொல்லலாம் என்று பார்ப்பேன். அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். இந்தத் தடவை கையில் கொடுப்பதற்குக் கருப்பட்டிக் காப்பிகூட இல்லாததால் பாவம், மனுஷன் பேசுவதற்கு வழியே இல்லாமல் நின்றார்.

போன் வந்தது ஒரு காலை வேளையில். அந்தப் பக்கம் பேசிய பெண் என் பெயரைச் சரிபார்த்து, வயசைச் சரிபார்த்து, உயிர் போகிற நிதானத்தில் பேசினாள். படத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, அடுத்த வருஷம் வந்தால் போதும். நான் அடுப்பை அணைத்தேன். அவருக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன், இதைப் போனில் சொன்னால் 'சரி' என்று வைத்துவிடுவார் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கே நடந்தேன். வெயில் ஏறியிருந்தது. அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

கடைவாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னைவிடச் சின்ன வயசு. தலையில் துணி கட்டியிருந்தாள், புருவம் இல்லை. புருவம் இல்லாத முகத்தை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். நான் கொட்டான் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

கீமோ முடிந்திருக்கிறதாம், இனிமேல் சீனி ஆகாது என்று எல்லோரும் சொல்கிறார்களாம், அதனால் நல்ல கருப்பட்டியாக இரண்டு கிலோ வேண்டுமாம். சுத்தமான சரக்கு இந்தக் கடையில்தான் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு முத்தையாபுரத்திலிருந்து வந்திருக்கிறாளாம். வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அவர் தராசில் வைத்த கருப்பட்டியை எடுத்துத் திரும்பவும் கொட்டானில் போட்டார்.

"இது சுத்தமான சரக்குதாம்மா. ஆனா இதுவும் சீனிதான். ஆசைக்கு ஒரு துண்டு தாரேன், காசு வேண்டாம். ரெண்டு கிலோ தர மாட்டேன்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறேன், கடையைத் திறந்து வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம், என் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி என்று கேட்டாள்.

"எங்க வீட்லயும் ஒருத்திக்கு கேன்சர் வந்துச்சும்மா. நல்லதுன்னு நெனச்சு நானே பொறுக்கிப் பொறுக்கிக் கொண்டு குடுத்தேன். இன்னும் ரிசல்ட் வரல. எனக்குத் தூக்கமே இல்ல. அவ இல்லன்னா இந்தக் கட, வீடு, இதெல்லாம் வச்சு நான் என்ன செய்ய?"

அந்த நோயின் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ரிசல்ட் வந்துவிட்டது, ஒன்றும் இல்லையாம் என்று சொன்னேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். தராசுத் தட்டைத் துடைத்தார். துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தார். பிறகு அந்த அம்மா பக்கம் திரும்பி, என்னைக் கையால் காட்டினார்.

"இந்தா, இவதான். பாத்துக்கிடுங்க, எப்பிடி இருக்கான்னு."

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என் கொண்டையைத் தொட்டுப் பார்த்து, சொந்த முடியா என்றுதான் முதலில் கேட்டாள். சொந்த முடிதான், இழுத்துப் பாருங்கள் என்றேன். இரண்டு பேரும் சாக்குமேல் உட்கார்ந்தோம். கேட்க அவளுக்கு நிறைய இருந்தது, சொல்ல எனக்கும் நிறைய இருந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றுகொண்டு, எதிர்க் கடையைப் பார்த்து மூன்று டீ, சீனி இல்லாமல் என்று சொன்னார். குரல் சரியாக வராததால் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டியிருந்தது.